மஞ்சள் பூசிய பதினான்கு கொப்பிகள்

அனுப்புநர்:
சி. விக்னராஜா,
முன்னாள் எழுதுவினைஞர், காணிப் பதிவுப் பிரிவு, யாழ்ப்பாணக் கச்சேரி;
தற்போது பண்டகக் காப்பாளர், தகரப்பேணித் தொழிற்சாலை, செவன் ஹில்ஸ்.
வசிப்பிடம்: கிரவீன், நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு,
விமான நிலையம், சிட்னி.

பொருள்: 3.9.1977 அன்று என்னிடமிருந்து "தாவரப் பொருள்" எனக் கைப்பற்றப்பட்ட பதினான்கு கொப்பிகள் தாவரம் அல்ல, ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறு என்பது பற்றியும், அவை எரிக்கப்படாமல் மீளப் பெறுவது பற்றியும்.

பார்வை: தங்கள் பற்றுச்சீட்டு இல. 2217.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் படிவத்தின் பின்புறத்தில், ஆங்கிலத்தில் எழுத இயலாதோர் தமது தாய்மொழியில் எழுதலாம் என அச்சிடப்பட்டுள்ளது. எனக்கு ஆங்கிலம் எழுத இயலும். ஆயினும் பற்றுச்சீட்டில் "எழுத்து: தெரியவில்லை" எனத் தங்கள் அலுவலர் குறித்திருப்பதால், மாதிரிக்காக அதே எழுத்தில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன். தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையிலும் விசாரித்தேன். தமிழுக்கு அவர்களது பட்டியலில் உள்ளவர் ஒருவரே, அவர் நான். ஆகவே இம்மனு எப்படியும் என்னிடமே வந்து சேரும். எனக்குப் பாதகமான இடங்களையும் விடாமல் மொழிபெயர்ப்பேன் என இத்தால் உறுதியளிக்கிறேன்.

2. மேற்படி தினத்தில் இலங்கையில் விடுமுறை கழித்து வந்திறங்கியபோது, என் பெட்டியைத் திறந்த அலுவலர் மிக மரியாதையான இளைஞர். ஊறுகாய்ப் போத்தல் இரண்டையும் முருங்கை விதைகளையும் அவர் எடுத்துக்கொண்டது பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. பின்னர் அவர் கொப்பிகளைத் திறந்து, ஒவ்வொன்றின் முதற் பக்கத்திலும் நான்கு மூலைகளில் இருந்த மஞ்சள் நிறம் என்ன என்று கேட்டார். மஞ்சள் என்றேன். தாவரமா என்றார். ஓம் என்றேன். உணவா என்றார். இது உணவு அல்ல, ஆனால் உணவிலும் போடுவோம் என்றேன். கேட்டதற்கு மேல் பதில் சொல்லாதே என்று கச்சேரி அலுவலகத்தில் பதினேழு வருடம் பிறருக்குப் புத்தி சொன்னவன் நான். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

3. நல்ல காரியத்துக்குரிய தாளில் மூலைக்கு மூலை மஞ்சள் தடவுவது எங்கள் வழக்கம். தடவியவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கை பவளம். கொப்பிகள் தையல் விட்டுப் போனதால் அங்கே கட்டுவிக்கவும், அவளது அழகான கையெழுத்தில் ஒரு பிரதி எடுக்கவுமே கொண்டு போனேன். ஓகஸ்ட் நடுப்பகுதியில் தமிழருக்கு எதிராகக் கலவரம் மூண்டு நாட்டு நிலைமை கெட்டது. கொழும்பிலிருந்து வெறுங்கையோடு வந்து சேர்ந்த மூன்று குடும்பங்கள் அவள் வீட்டில் தங்கின. பிரதி எடுக்க மேசையும் இல்லை, மனமும் இல்லை. கட்டு மட்டும் முடிந்தது. புறப்படும்போது, "இவ்வளவு பாடுபட்டு எழுதினதை வெறுமனே அனுப்பேலாது அண்ணை, நில்லுங்கோ" என்று குசினிக்குள் போய்க் குழைத்துக்கொண்டு வந்து பதினான்குக்கும் பூசினாள். ஊர் பட்ட பாட்டில் அவளுக்குச் செய்யக் கிடைத்த ஒரே நல்ல காரியம் அதுதான். நான் தடுக்கவில்லை. அவுஸ்திரேலியச் சட்டம் அப்போது நினைவுக்கு வரவும் இல்லை.

4. கொப்பிகளில் இருப்பது, ஸ்பெயின் நாட்டின் வடக்கே பாஸ்க் மக்கள் வாழும் கரையில், இச்சாஸ்பே என்ற சிறு துறைமுக ஊரின் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறு. சொன்னவர் அக்கழகத்தின் மாற்றுப் பந்துக்காப்பாளராக இருந்த திரு. ஷாபியெர் லசார்த்தே, வயது 63. குவீன்ஸ்லாந்தில் கரும்பு வெட்டி, பின்னர் எங்கள் தொழிற்சாலையில் பொதிகட்டும் பகுதியில் வேலை செய்தவர். 1970 முதல் ஏழு வருடம், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கன்ரீனில் எதிரெதிர்க் கதிரைகளில் இருந்து, அவர் சொல்ல நான் எழுதினேன். அவருடையது கரும்புத் தோட்டத்து ஆங்கிலம், என்னுடையது கச்சேரி ஆங்கிலம். முதல் வருடம் கைகளாலேயே சமாளித்தோம்.

5. தமிழில் ஏன் எழுதப்பட்டது எனத் தாங்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். தன் மொழியில் எழுதினால் வாசிக்கவேண்டிய ஊரில் அதற்குத் தண்டனை என்றார். ஸ்பானிய மொழியில் எழுத மனம் ஒப்பவில்லை என்றார். ஆங்கிலத்தில் எழுதினால் மேற்பார்வையாளர் வாசித்துவிடுவார் என்றார். ஆகவே உன்னுடையதில் எழுது, அதற்கு யாருடனும் சண்டை இல்லை என்றார். அந்தக் கடைசி வசனத்தை நான் திருத்தவில்லை.

6. கழகத்தின் பழைய பதிவேடுகள் 1937இல் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. எனவே கழகத்தின் வரலாறு உலகத்தில் ஒரே ஒரு பிரதியாக, தமிழில், தங்கள் கிடங்கில் உள்ளது. "வர்த்தகப் பெறுமதி இல்லை" எனப் பற்றுச்சீட்டில் எழுதியிருப்பதை ஏற்கிறேன்.

7. உள்ளடக்கத்தில் தாவரம் உண்டா என்பதை மறைக்காமல் தெரிவிப்பது என் கடமை. இரண்டாம் கொப்பியில் ஆப்பிள் மரங்கள் வருகின்றன. நான்காவதில் ஒரு கஷ்கொட்டை மரம். பந்து அதில் சிக்கியதால் ஓர் ஆட்டம் அடுத்த நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1923 வரை மைதானத்தில் புல்லே இல்லை. கடல் வற்றும் நேரத்தில் கடற்கரை மணலில் ஆடினார்கள். நடுவரின் சட்டைப்பையில் வற்றுப் பெருக்கு அட்டவணை இருக்கும். இரண்டு கோல் முன்னால் நிற்கும் அணி மெதுவாக ஆடும். மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும். 1926இல் மீன் பதனிடும் ஆலையை விட்டு விலகிய ஒன்பது பேருக்குச் சம்பளம் எழுதப்பட்ட நாளிலிருந்து அது தொழில்முறைக் கழகம்.

8. அக்கழகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. துறைமுகத்து மணி கேட்கும் தூரத்துக்குள் பிறந்தவன் மட்டுமே அதன் சட்டையை அணியலாம். மணியடிப்பவர் கையொப்பமிட்ட பிறப்புச் சீட்டு இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை. பேறுவலி எடுத்த பெண்களை மாட்டுவண்டியில் ஏற்றி மணி கேட்கும் இடத்துக்கு ஓட்டி வந்ததாக ஐந்தாம் கொப்பி கூறுகிறது. அரை மைல் பிந்திப் பிறந்த ஒருவன் பக்கத்து ஊருக்கு ஆடி, பன்னிரண்டு வருடம் இவர்களைத் தோற்கடித்தான். பாஸ்க் மக்கள் பிடிவாதக்காரர் எனத் திரு. லசார்த்தே பெருமையாகச் சொல்வார். யாழ்ப்பாணத்தானுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என நான் சொல்வேன்.

9. இனி இம்மனுவின் மூல காரணத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் கொப்பியின் முதற் பக்கத்தில், 1936ஆம் வருடம் மே மாதம் கழகம் ஆடிய கடைசி ஆட்டத்தின் அணிப் பட்டியல் உள்ளது. அதில் பத்துப் பெயர்களே இருந்தன. உதைபந்தாட்டத்துக்குப் பதினொருவர் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கேட்கும்போதெல்லாம் அவர் "மற்றவன்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் எடுக்க எழுந்து போவார். அந்த ஆட்டத்தில் கோல் அடித்தவனும் அந்த மற்றவனே.

10. கடந்த ஜூன் 25ஆம் திகதி, நான் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை, கேளாமலே சொன்னார். மற்றவன் மணி கேட்கும் தூரத்தில் பிறந்தவன் அல்லன். தெற்கே வறண்ட பூமியிலிருந்து ஆலை வேலைக்கு வந்த ஒருவரின் மகன். நான்கு வயதில் வந்தவன். அவன் ஆட்டத்தைப் பார்த்த மணியடிப்பவர், தொட்டிலிலேயே இறந்துபோன உள்ளூர்க் குழந்தை ஒன்றின் பெயரில் அவனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அறிந்தவர் நால்வர்; நால்வரும் சத்தியம் செய்தனர். அந்தக் கடைசி ஆட்டத்துக்கு அடுத்த வருடம், உள்நாட்டுப் போரில் அவன் ஊருக்காகச் செத்தான். பின்னாளில் ஊரார் வைத்த நினைவுக் கல்லில் அவனுடைய பொய்ப் பெயர் இல்லை, ஏனெனில் அந்தக் குழந்தைக்கு ஏற்கனவே சிறிய கல்லறை இருந்தது. உண்மைப் பெயரும் இல்லை, ஏனெனில் அந்த நால்வரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. சத்தியம் செய்த மற்ற மூவரும் இறந்துவிட்டதால் இனிச் சொல்லலாம் என்று திரு. லசார்த்தே தீர்மானித்ததாகச் சொன்னார். சொல்லும்போது அழுதார். கன்ரீனில் பலர் இருந்தபடியால் நான் அவருக்கு முன்னால் எழுந்து நின்று மறைத்துக்கொண்டேன்.

11. பட்டியல் இருந்த பக்கத்தில் இடம் இல்லாதபடியால், அவர் சொன்ன உண்மைப் பெயரை அதன் வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் எழுதினேன்.

12. அந்தப் பெயர் எனக்கு நினைவில்லை. மற்றப் பத்தும் ஏழு வருடம் எழுதி எழுதி மனப்பாடம். இதை ஒருமுறைதான் எழுதினேன். காணி உறுதிப் பத்திரங்களைப் பதிந்தவனுக்கு, பதிந்ததும் மறப்பது தொழில். இல்லாவிட்டால் வடமாகாணத்து எல்லைத் தகராறு முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டி வரும். நீளமான பெயர், நடுவில் ஒரு "ர்" வரும் என்பது வரை நினைவு. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

13. திரு. லசார்த்தேயிடம் கேட்க முடியாது. நான் ஊரில் இருந்தபோது ஜூலை 30ஆம் திகதி அவருக்குப் பாரிசவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது ஒரே சொல். "பாய்" என்கிறார், அவர் மொழியில் அதற்கு "ஓம்" என்று பொருள். நினைவில் வந்த பெயர்களை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் "பாய்" என்றார். சோதனைக்காக எங்கள் மேற்பார்வையாளரின் பெயரைச் சொன்னேன். அதற்கும் "பாய்".

14. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணி முதல் நான்கு வரை ஆஸ்பத்திரியில் அவருடன் இருக்கிறேன். கொப்பி இல்லாதபடியால் அணிப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்கிறேன். பெயருக்கு ஒரு விரலாக இடது கையில் மடக்குவார். ஐந்து முடிந்ததும் விரித்து மறுபடி தொடங்குவார். தாதி இது செபமா என்று கேட்டார், கிட்டத்தட்ட என்றேன். பத்தாவது பெயர் முடிந்ததும் கையை மறுபடி விரித்து, ஒரு விரலை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான்கு மணி வரை அந்த விரல் அப்படியே இருக்கிறது. நாட்கள் அதிகம் இல்லை என்று வைத்தியர் சொல்கிறார்.

15. தங்கள் படிவத்தில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதலாவது, பொருளை அதன் பிறந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல். இந்தக் கொப்பிகள் செவன் ஹில்ஸில் எழுதப்பட்டவை, விஷயம் பாஸ்க் நாடு, மொழி தமிழ், கட்டியது யாழ்ப்பாணம், தாளின் ஓரத்தில் மெல்பேர்ன் என்று அச்சிட்டிருக்கிறது. எந்த நாட்டை எழுதுவது என்று தொலைபேசியில் கேட்டேன். ஒன்றை மட்டும் எழுதும்படி சொன்னார்கள். இரண்டாவது, புகையூட்டிச் சுத்திகரித்தல். ஒரு லொறிச் சுமைக்குக் குறைந்தால் அறையைத் திறப்பதில்லை என்றார்கள். மூன்றாவது, எரித்தல். இதற்கு நிபந்தனை எதுவும் இல்லை.

16. தாங்கள் தந்த முப்பது நாள் அக்டோபர் 3, திங்கட்கிழமை முடிகிறது. அன்று தொழிலாளர் தினப் பொது விடுமுறை. எரிக்கும் உலை அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மூட்டப்படுமாயின் எனக்குரிய மூன்று நாள் குறையும் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

17. ஆகவே ஐயா, பதினான்கு கொப்பிகளையும் விடுவித்து உதவுமாறு வேண்டுகிறேன். மஞ்சள் இருப்பது முதற் பக்கங்களின் மூலைகளில் மட்டுமே. ஐம்பத்தாறு மூலைகள். தங்கள் அலுவலர் முன்னிலையில் என் கையாலேயே கத்தரிக்கோலால் வெட்டித் தருகிறேன், அவற்றை எரித்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்து மூலைகளில் ஓர் எழுத்தும் இல்லை.

18. ஐம்பத்தாறாவதை எரிக்கத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்லுமாயின் எதிர்த்து வாதாடமாட்டேன். எரிக்குமுன் அதைக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு நிமிடம் காட்டும்படி மட்டும் கேட்கிறேன். தொடமாட்டேன். என் தங்கை அந்த மூலையில் தாராளமாகவே பூசிவிட்டாள். ஆனாலும் மை தெரியும், புறப்படுமுன் பார்த்தேன்; வாசிக்கத்தான் தோன்றவில்லை. தங்கள் அலுவலர்களால் அதை வாசித்துச் சொல்ல இயலாது. நான் பெயரைப் பார்த்து எழுதிக்கொண்டு, இம்முறை மனப்பாடமும் செய்துகொண்டு, வந்த வழியே போய்விடுவேன். அடுத்த வாரச் சனிக்கிழமை, அக்டோபர் 1ஆம் திகதி, இரண்டு மணிக்குள் நான் ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். பதினொன்றாவது விரலை மடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சி. விக்னராஜா

இடம்: கிரவீன்
திகதி: 22.9.1977

இணைப்பு: பற்றுச்சீட்டு இல. 2217, நிரப்பப்படாத படிவம் ஒன்று, கத்தரிக்கோல் நேரில் கொண்டுவரப்படும்.