முதல் புரோட்டா உம்மாவுக்கு

உங்கள் மகன் உம்மாவை ஆறிப்போன புரோட்டா தின்ன வைக்கிறான், வாப்பா.

மதியம் கல்லில் உருகிய வெண்ணெயின் வாசனை இன்னும் என் துப்பட்டாவை விட்டுப் போகவில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் புரோட்டா போடுவது இதுதான் முதல்முறை. தம்பி மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறான். ஆசைப்பட்டுக் கேட்டான்.

துபாய் வேலையை முடித்துக்கொண்டு நீங்கள் திரும்பிய பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறது. தொழிலாளர் கேம்பின் மெஸ்ஸில் வருடக்கணக்காக மாவு பிசைந்த கை அது. நம் நான்கு பேருக்கும் அதே அளவில் பிசைந்துவிட்டது. குளிக்கிற பேசின் நிறைய மாவு. உம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "என்னங்க இது, யாருக்குக் கல்யாணம் வச்சிருக்கீங்க?"

"கை பழகிப்போச்சும்மா. தெருவுல எல்லாரையும் வரச்சொல்லு."

வந்தார்கள். ஆண்கள் ஜும்ஆ தொழுகை முடித்து நேராகக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பாய் விரித்து, நாலு பேருக்கு ஒரு சஹன் என்று பெரிய தட்டுகள் வைத்தாயிற்று. பெண்கள் அடுப்படியில் நின்றார்கள். நீங்கள் மாவைத் தாள் மாதிரி விரித்து, உருக்காத வெண்ணெயை விரல்களால் அதன் மேல் இழுத்து, புடவைக் கொசுவம் போல மடித்துச் சுருட்டித் தட்டினீர்கள். கல்லில் இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து ஓர் அடி. அடுக்கெல்லாம் பிரிந்து ஆவி பறந்தது. அதை உம்மாவின் தட்டில் போட்டு, "உக்காந்து சாப்பிடு" என்றீர்கள்.

"ஆம்பளைங்கள்லாம் உக்காந்திருக்காங்க…"

"அவங்கதான் உக்காந்திருக்காங்களே. நீதான நிக்கிற."

உம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வாசற்படியில் வந்து நின்றார். "துபாய் போயி நல்லாத்தான் மாறிட்டீங்க மச்சான். அடுத்து பொடவை கட்டுவீங்களா?"

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கட்டுறேன். அதுக்கு முன்னாடி வந்து ரெண்டு உருண்டை விரிங்க. பசிக்குதுல்ல?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் மாமாவால் கூடத்துக்குத் திரும்ப முடியவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு விரித்தார். மாவு நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. "மச்சான், இது புரோட்டாவா வாளை மீனா?" என்று கேட்டு, அதையும் கல்லில் போட்டு அவருக்கே கொடுத்தீர்கள்.

அன்று பேசினைக் கழுவும்போது என்னிடம் சொன்னீர்கள்: "மெஸ்ஸுல எல்லாரும் தின்ன பொறவுதான் எனக்கு. ரப்பரா கெடக்கும். அதப் பிச்சுத் திங்கிறப்பதான் ஒங்க உம்மாவ நெனச்சேன். இங்க இருந்த வரைக்கும் அவ என்ன தின்னான்னு நா கேட்டதே இல்ல."

இந்த ஊரில் எத்தனையோ பேர் வெளிநாட்டில் நாயாய் உழைத்துவிட்டு வருகிறார்கள். வந்ததும் வீட்டில் மேஸ்திரி ஆகிவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் எழும்பிய வீடுகளில் கூடத்துக்கு சோபா உண்டு, அடுப்படிக்கு ஒரு முக்காலி கிடையாது. அங்கே உங்களுக்கு நடந்ததை இங்கே யாருக்கும் நடக்கவிடாத ஒரே ஆளாக நான் பார்த்தது உங்களைத்தான். அதைப் பற்றி நீங்கள் பிரசங்கம் பண்ணியதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் போட்டுக்கொண்டே இருந்தீர்கள், மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும். உம்மா காலை நீட்டி உட்கார்ந்து, "ஓரம் கருகுது, பாருங்க" என்று அதிகாரம் பண்ணுவார்கள். உம்மா அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த நேரங்களில் மட்டும்தான்.

இன்று அந்தக் குரலைக் காணோம். முட்டி வலியோடு உம்மா கல் முன்னால் நின்றார்கள். கூடத்திலிருந்து தம்பி, "உம்மா, இன்னொன்னு" என்றான். நல்லதெல்லாம் அவனுக்குப் போனது. பிய்ந்ததும் கருகியதும் ஒரு மூலையில் உம்மாவுக்காகக் குவிந்தது, தொட்டுக்கொள்கிற கறி ஆணம்கூட ஊற்றாமல்.

நானே நின்று சுட்டிருக்கலாம். அப்போது உம்மா நின்ற இடத்தில் நான் நின்றிருப்பேன், வேறொன்றும் மாறியிருக்காது. கோபம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதை யார் பக்கம் திருப்ப வேண்டும் என்பது உங்களைப் பார்த்து எனக்குள் தங்கிப்போனது. அடுப்பை அணைத்தேன்.

"விடும்மா, புள்ள லீவுல வந்திருக்கான்" என்றார்கள் உம்மா. கையைப் பிடித்துக் கூட்டிவந்து தம்பிக்கு எதிரே உட்கார வைத்தேன். கல்லில் இருந்ததை எடுத்து அவர்கள் தட்டில் போட்டேன்.

"மீதிய நீ வந்து போடு" என்றேன் தம்பியிடம்.

சிரித்தான். "வாப்பாவுக்கு அது வேலை, லாத்தா. சமையக்காரரு, போட்டாரு. எனக்கு எதுக்கு அது?"

சமையல்காரராம், வாப்பா. நீங்கள் செய்ததில் அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உம்மா தட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார்கள். அவன் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டான். உள்ளே உருண்டைகள் துணிக்கு அடியில் காத்திருந்தன.

"எந்திரிடா. கையக் கழுவிட்டு கல்லு முன்னாடி போய் நில்லு. உம்மா சாப்பிடணும்."

அவன் நிமிரவில்லை.

"எந்திரி."