ப்ரூவிட் வீட்டுக்கு எதிராக என் கை

1946 மே 30, வியாழன்

இன்று முழுக்கப் பருத்திக் கொல்லையில் களை வெட்டினோம். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மதியம் எங்கள் சபையின் மூப்பர், டீக்கன் ப்ரூவிட்டின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அந்த ஆள் தொப்பியைத் தொட்டு அம்மாவுக்கு வணக்கம் வைத்தான். அம்மாவும் தலையசைத்தாள்! அவள் பெற்ற மகளைச் சபையை விட்டுத் துரத்தியவனுக்குத் தலையசைப்பு ஒன்றுதான் குறைச்சல். நான் களைக்கொட்டை ஓங்கிப் போட்டேன்.

"செடி மேல என்னடி கோவம்?" என்றாள் அம்மா.

செடி மேலா?

ஜூன் 1, சனி

மறந்துவிடக் கூடாது என்று மறுபடியும் எழுதி வைக்கிறேன். இரண்டு வருடம் முன்பு அக்கா நெல்டா, போருக்குக் கிளம்பும் பையன்களோடு நெடுஞ்சாலைக் கடையில் நடனம் ஆடினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. மாதாந்திரக் கூட்டத்தில் ப்ரூவிட் எழுந்து அதைப் பெரிய பாவமாக விரித்துச் சொன்னான். எங்கள் சபையில் ஒருவரை நீக்க வேண்டுமானால் எல்லாக் கையும் உயர வேண்டும். ஒரே ஒரு கை மறுத்தாலும் நீக்க முடியாது. அன்று எல்லாக் கையும் உயர்ந்தது. அம்மாவின் கையும். மறுநாள் நெல்டா மெம்ஃபிஸுக்குப் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அம்மா அவள் பெயரையே எடுப்பதில்லை.

எனக்கு அப்போது ஞானஸ்நானம் ஆகவில்லை. என் கை செல்லாது.

போன வருடம் ஆற்றில் முங்கி எழுந்தேன். "பாவத்துக்காக வருந்துகிறாயா, ஓலீன்?" என்று போதகர் மேயோ கேட்டார். வருந்துகிறேன் என்றேன். எனக்குள் ஓடியது வேறு. இனி எனக்கும் ஒரு கை உண்டு. ப்ரூவிட் வீட்டு ஆள் ஒருவன் என்றைக்காவது அந்த முன்பெஞ்சுக்கு எதிரே நிற்பான். அன்றைக்கு இருக்கிறது அவர்களுக்கு.

ஜூன் 3, திங்கள்

நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்கு எதிரேதான் நீதிமன்றம். ஐசாயா போல்டன் ராணுவ உடுப்போடு படியேறினார். கறுப்பர், போரிலிருந்து திரும்பி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஓட்டுப் பட்டியலில் பேர் எழுத வந்தாராம்; எங்கள் ஊரில் கறுப்பர் யாரும் அதற்குத் துணிந்ததில்லை. துணை ஷெரிஃப் ராங்கின் பின்னாலிருந்து தடியால் காதோடு சேர்த்து அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான்.

கடையில் ஏழு பேர் இருந்தோம். எல்லோரும் வெள்ளையர், எங்கள் சபை. கடைக்காரர் லாய்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, "அப்புறம், என்ன கலர் பாப்பா?" என்றார்.

நீலம் என்றேன்.

ஜூன் 21

வாஷிங்டனிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்திருக்கிறாராம். ஊரில் ஒருவரும் எதையும் பார்க்கவில்லையாம்.

ஜூலை 13, சனி

ஐயோ, எப்படி எழுதுவேன்!

சபைக் கூட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் யார் தெரியுமா? கால்வின் ப்ரூவிட். டீக்கனின் ஒரே மகன்! ராங்கின் அடித்ததைத் தெருவில் நின்று பார்த்தேன் என்று அந்த அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டானாம். பொய் சாட்சி சொல்லி ஊர்ப் பேரைக் கெடுத்தான் என்று குற்றச்சாட்டு. அடுத்த மாதம் கை தூக்குவார்கள்.

ப்ரூவிட்டின் முகத்தைப் பார்த்தேன். வெந்துபோன முகம். வாய்விட்டுச் சிரித்துவிடுவேனோ என்று பயந்து கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் என் நல்ல கவுனை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டினேன். இன்னும் நாலு வாரம் இருக்கிறது, இருக்கட்டுமே.

ஜூலை 16

பொய் சாட்சி. அது பொய் இல்லை, எனக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? நெல்டா செய்தது மட்டும் பாவமா? அன்றைக்கு நியாயம் பார்த்தார்களா? நான் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

ஜூலை 24, புதன்

ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போனபோது கொரீன் வந்தாள், ஐசாயாவின் மனைவி. நான் நிரப்பி முடிக்கட்டும் என்று தள்ளி நின்றாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இடது காது போச்சு, மிஸ் ஓலீன். பிள்ளை அழுதா வலது காதத் திருப்பித்தான் கேக்கறாரு."

"நான் பாத்தேன், கொரீன்." ஏன் சொன்னேனோ தெரியவில்லை.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "தெரியும்மா. திரை மூடறதுக்கு முன்னாடி அவரும் உங்களையெல்லாம் பாத்தாரு."

திட்டியிருந்தால் தேவலை. நான் பாதி வாளியோடு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

தீவனக் கடை வாசலில் கால்வின் நின்றிருந்தான். பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

"ஓலீன், நெல்டாவுக்கு நடந்தப்போ நான் ஃபிரான்ஸுல இருந்தேன். இருந்திருந்தா—"

"இருந்திருந்தா? நீயும் தூக்கியிருப்ப."

யோசித்துவிட்டு, "தூக்கியிருப்பேன்னுதான் நினைக்கிறேன்" என்றான்.

இல்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும். பரவாயில்லை. ப்ரூவிட் ரத்தம். கண்டிப்பாகத் தூக்குவேன்.

ஆகஸ்ட் 10, சனி

நல்ல கவுன் போட்டுக்கொண்டு போனேன். ஜன்னலெல்லாம் திறந்திருந்தும் புழுக்கம். கால்வின் எதிரே நின்றான். நீக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் மேயோ.

முதலில் எழுந்த கை யாருடையது? அவன் அப்பன் கை! மற்றவர்கள் தயங்கி உட்கார்ந்திருக்கும்போதே நேராக, விறைப்பாகத் தூக்கினான் கிழவன். அதைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழுந்தன. அம்மாவுடையதும். லாய்டும் தூக்கினார், திரையை இழுத்தாரே, அதே கையை.

நானும் தூக்கப்போனேன். சத்தியமாகப் போனேன். ஆனால் என் கை ப்ரூவிட்டின் கையோடு ஒன்றாக நிற்கப்போகிறதே என்று தோன்றியது. இரண்டு வருடமாக இதற்கா காத்திருந்தேன்? அவன் தூக்கச் சொல்லித் தூக்குவதற்கா? கொரீன் வாளியைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"மறுப்பவர்கள்?" என்றார் மேயோ, வழக்கத்துக்காக. அதற்குத் தூக்கினேன்.

நல்லவள் என்பதால் இல்லை. அதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ப்ரூவிட் மீதுள்ள வெறுப்பில் இம்மியும் குறையவில்லை.

கால்வினின் விஷயம் தள்ளிவைக்கப்பட்டது. காரணமில்லாமல் மறுத்தவள் மீது அடுத்த மாதம் முதலில் நடவடிக்கை. அதாவது என் மீது. வழியெல்லாம் அம்மா எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள்.

ஆகஸ்ட் 17, சனி

டீக்கன் ப்ரூவிட் எங்கள் வீட்டுக்கு வந்தான்! தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"மறுப்ப வாபஸ் வாங்கிக்கம்மா. இது இழுத்துக்கிட்டே போனா என் குடும்பம் தலைநிமிர முடியாது. கெஞ்சிக் கேக்கறேன்."

கெஞ்சினான். இதைத்தானே இத்தனை நாளும் கேட்டேன்? ஆனால் பாவி, மகனைக் காப்பாற்றக் கெஞ்சவில்லை. மகனை வெளியே தள்ள என் கைக்காகக் கெஞ்சுகிறான். இப்படி ஒரு மனுஷனா! துளிகூட இனிக்கவில்லை.

"என் அக்காவும் உங்க முன்னாடி அழுதா, பிரதர் ப்ரூவிட்" என்று கதவைச் சாத்தினேன். அது மட்டும் கொஞ்சம் இனித்தது.

அம்மா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 14, சனி

எதிரே நின்றேன். காரணம் கேட்டார் மேயோ.

"கால்வின் சொன்னது பொய் இல்ல. ராங்கின் அடிச்சத நூல் கடையிலிருந்து நானும் பாத்தேன். நான் மட்டும் இல்ல." கூட இருந்த ஆறு பேரையும் பெயர் சொன்னேன், ஒவ்வொரு பெயராக, அவரவர் முகத்தைப் பார்த்து. அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. அந்த அதிகாரியிடமும் சொல்லப்போகிறேன் என்றேன். லாய்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை நீக்கக் கை தூக்கச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குக் கை கிடையாது. கால்வினுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ப்ரூவிட் தூக்கினான். ஒவ்வொன்றாக எழுந்தன. மூன்றாவது பெஞ்சில் மட்டும் ஓர் இடைவெளி.

"சிஸ்டர் ஹார்கெட்?" என்றார் மேயோ.

"தூக்க மாட்டேன், பிரதர்" என்றாள் அம்மா. "பெத்த பொண்ணுக்கு ஒரு தடவ தூக்கினதே போதும்."

அடுத்த மாதம் அம்மாவின் மீது நடவடிக்கையாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் நல்ல கவுனை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"மெம்ஃபிஸ் பஸ்ஸு காலைல எத்தன மணிக்குடி?"