ஓட்டல் மூடிய நாளின் மதிய விருந்து

என்னங்க,

நேற்று மகனின் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சூடு பட்டதும் எழுந்த வாசனையில் நீங்கள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. லீவில் வரும்போது உங்கள் பெட்டியைத் திறந்தால் ஓட்டல் உடுப்பிலிருந்து முதலில் வருவது இந்த வாசனைதான். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்பே சென்னையில் அந்தப் பெரிய ஓட்டலில் பரிமாறும் வேலைக்குப் போய்விட்டீர்கள். நான் இடைசெவலில் பருத்திக் காட்டோடும் பிள்ளைகளோடும் இருந்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரமாட்டீர்கள். அன்றைக்குத்தான் அங்கே கூட்டம். எல்லாம் ஓய்ந்து நீங்கள் கோவில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும் நாள்தான் எங்களுக்குப் பண்டிகை.

வந்தாலும் ஓட்டல் பேச்சுதான். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பருத்தி வியாபாரி கட்டியது, மாடிப்படிக்குக் கப்பலில் வந்த சலவைக்கல், முதலில் துரைமார்கள் தங்கியது, பிறகு மந்திரிகளும் சினிமாக்காரர்களும் வந்தது என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்கள்.

"ஏட்டி, நம்ம கரிசல் பருத்தி வித்த காசுலதான் அந்தக் கட்டடமே எந்திரிச்சிருக்கு, தெரியுமா?" என்றீர்கள் ஒருமுறை. நான் அப்போதுதான் காட்டிலிருந்து வந்திருந்தேன், மடி நிறையப் பருத்தி.

"அப்போ எனக்கும் அதுல ஒரு ரூம்பு உண்டுல்லா? எப்போ கூட்டிட்டுப் போறிய?"

சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் சக்களத்தியிடம் வருகிற கோபம் இருந்தது. உங்களிடம் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் அங்கே புதுப்புது ஓட்டல்கள் முளைத்தன. நீங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் ஏதாவதொன்று குறைந்திருக்கும். சாயங்காலப் பாட்டுக் கச்சேரியை நிறுத்திவிட்டார்கள், மேல்மாடி அறைகளைப் பூட்டிவிட்டார்கள். கடைசியில் விற்றாயிற்று, இடிக்கப்போகிறார்கள் என்றீர்கள். மூடுகிற அன்று வேலையாட்களுக்குக் குடும்பத்தோடு மதிய விருந்து. அதற்குத்தான் என்னை முதன்முதலாகக் கூட்டிப்போனீர்கள்.

சலவைக்கல் படியேறிப் போனோம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்துவிட்டுப் பின்னாலேயே நின்றீர்கள்.

"நீங்களும் உக்காருங்க."

"இரு, அந்த மேசைக்கு இன்னும் தண்ணி வைக்கல."

போனவர் போனவர்தான். ஒவ்வொரு மேசையாகப் பரிமாறிக்கொண்டே இருந்தீர்கள். என் தட்டில் சோறு ஆறிப்போனது. கடைசியில் குழம்புக் கிண்ணத்தோடு என்னிடம் வந்து, யாரோ ஒரு விருந்தாளியிடம் கேட்பதுபோலக் குனிந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றீர்கள்.

உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "கல்யாணம் முடிச்சதுல இருந்து நான் தனியாத்தான் சாப்பிட்டுக்கிட்டு கெடக்கேன். இன்னைக்கு ஒருநாளாவது பக்கத்துல உக்காருங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்கென்று ஒரு நாற்காலியை இழுத்தீர்கள்.

"எத்தன பேருக்கு இத இழுத்துப் போட்டிருப்பேன். உக்காந்தா இப்படித்தான் இருக்குமா?"

ஸ்பூனைத் தொடாமல் சோற்றைக் கையால் பிசைந்தீர்கள். இரண்டாவது வாயில் உங்கள் உதடு துடித்தது. கட்டடத்துக்காகவா, எனக்காகவா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது. தெரியாமலேயே இருக்கட்டும்.

ஊரோடு வந்த பிறகு நான் வராமல் நீங்கள் தட்டில் கை வைத்ததே இல்லை. "ஏட்டி, அடுப்ப அமத்திட்டு வா" என்று கூப்பிடுவீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் வாய் திறக்கவே சிரமப்பட்டுக் கிடந்த அன்றும், நான் கஞ்சியை ஊட்ட வந்தபோது, "நீ குடிச்சியா?" என்றுதான் கேட்டீர்கள்.

நம் மருமகள் எல்லோருக்கும் வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போடுகிறவள். நான் விடுவதில்லை. என் பக்கத்தில் ஒரு தட்டைப் போட்டுவிட்டு, உங்கள் குரலுக்குப் பக்கத்தில் வரும்படி கொஞ்சம் அதட்டியே கூப்பிடுகிறேன்: "ஏட்டி, கொழம்பு ஆறுனா ஆறட்டும். நீ மொதல்ல வந்து உக்காரு."