சனிமூலை மண்

அக்கா,

கூடத்தில் உன் பழைய சேலையை விரித்துக் காயப்போட்ட மண்ணில் மிச்சம் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அள்ளிக் கொட்ட மனம் வரவில்லை. நிழலில் காய்ந்த மண்ணுக்கு ஒரு வாடை உண்டே, அது வீடெல்லாம் நிற்கிறது. உன் மகள் கவிதா, பட்டுப்புழு வளர்க்க அதே நிலத்தில் மறுபடி மல்பெரி வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பரிசோதனைக்காக அவளும் நானும் எடுத்த மண் இது.

முன்பு நீயும் நானும் எடுத்தோமே, நினைவிருக்கிறதா? ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள், கோலியனூரில் யார் பேச்சையும் கேட்காமல் புழு வளர்க்கக் கிளம்பினோம். மண் எடுக்க வேண்டும் என்றதும் நீ மண்வெட்டியோடு நேரே சனிமூலைக்குப் போனாய். விதைப்போ நடவோ, நம் வீட்டில் எதுவும் அந்த வடகிழக்கு மூலையில் கற்பூரம் ஏற்றித்தானே தொடங்கும்? "ஜல்தி வாடி, நல்ல நேரம் போய்க்கினு இருக்குது" என்று விரட்டினாய். மஞ்சள் தெளித்துக் கும்பிட்டு, அங்கேயே வெட்டிப் பையை நிரப்பினாய். வருஷா வருஷம் முதல் வண்டி எரு விழுகிற இடம்; மண் கருகருவென்று இருந்தது. திண்டிவனம் மண் பரிசோதனை ஆபீசில் கொடுத்தோம். அருமையான மண் என்றார்கள். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு, அடேயப்பா!

செடி பிடித்தது. பிறகு இலை வெளுத்தது, கருகியது. புழு கடைசிப் பருவத்துக்கு வந்து அகோரமாய்த் தின்கிற நேரத்தில் தோட்டத்தில் இலை இல்லை. அவை தலையைத் தூக்கித் தூக்கித் தேடின. பிறகு தேடவும் இல்லை. செத்ததைக் கூடை கூடையாய் அள்ளி நாமே குழியில் போட்டோம்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "நல்ல மண்ணுன்னு ஆபீசுலயே சொல்லிட்டாங்க. அப்புறம் இன்னா? அவ கைராசி அப்படி" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயோ நம்பிவிட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடவுக்குக் கூப்பிட்டால் முதல் நாற்றைத் தொடமாட்டாய். கவிதாவுக்கு நலங்கு வைக்கும்போது சந்தனக் கிண்ணத்தை என்னிடம் திணித்தாய். "என் கை பட்டது எதுவும் வெளங்கல, நீ வச்சிடுடி" என்றாய். பெற்றவள் நீ, கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாய்.

இந்த முறை மண் எடுக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆபீசரம்மா வந்தார். "எரு கொட்ற எடத்த உட்டுடுங்க. வரப்பு, மரத்தடி எதுவும் வேணாம். நெலம் பூரா பரவலா எடுங்க" என்றார். அப்படியே எடுத்தோம். முடிவு நேற்று வந்தது. நிலம் களராம். ஜிப்சம் போட்டுத் திருத்தாமல் மல்பெரி வராதாம். சாமி மூலை என்று நாம் கும்பிட்ட இடம் ஒன்றுதான் நல்ல மண்ணாக இருந்திருக்கிறது.

கவிதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்போ எங்கம்மா கையில ஒன்னுமே இல்லியா சித்தி? ஊரு சொன்னத நானும் நம்பிக்கினு இருந்தனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றிவிட்டேன்.

உன்னிடம் யார் சொல்வது? விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கடைசி நாள் உன் கையைப் பிடித்தேன். "தொடாதடி, உனக்கும் ஒட்டிக்கும்" என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். அந்த இழுப்பு இன்னும் என் விரல்களில் இருக்கிறது அக்கா.