கடைசிக் கதிரையில் இருந்து ஒரு சந்தேகம்

இல்லை அப்பா, கல்லைத் துரு முழுதாக அரிக்கவில்லை. ஓரத்தில் மட்டும். இன்று விரிவுரை மேசையில் உங்கள் லேஞ்சியை, அந்தப் பழைய கைக்குட்டையை, விரித்தபோது கொஞ்சம் செந்தூள் கொட்டியது. துருவும் எஞ்சின் எண்ணெயும் கலந்த மணம். அது கல்லுடையதா, உங்களுடையதா, எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

விரலளவு இரும்பு விண்கல். விரிவுரைகளில் காட்டுவதற்காகப் பல்கலைக்கழகம் தந்தது. கோடிக்கணக்கான வருடங்கள் விண்வெளியில் அலைந்தும் கெடாதது, உப்புவெளியில் நம் வீட்டு மேசைமேல் ஒரே மாதத்தில் துருப்பிடித்தது. நீங்கள் சிரித்தீர்கள்.

"துறைமுகக் காத்து. கப்பலையே தின்னுது, இது எந்த மூலைக்கு?"

எண்ணெய் தொட்டுத் துடைத்து, உங்கள் லேஞ்சியில் சுற்றித் தந்தீர்கள்.

முதல் விரிவுரை நகர நூலகத்தில். விண்கற்கள், பூமிக்கு வெளியே உயிர் தேடுவது. பேசி முடித்து, கேள்விகள் இருக்கின்றனவா என்றேன். மின்விசிறிச் சத்தம். எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். இங்கே முதல் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒருவர் கேட்டுவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. அந்த ஒருவர் அன்று இல்லை. வீட்டுக்கு வந்து, இனிப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் கிண்ணியா மண்டபத்தில், கதவோரக் கடைசிக் கதிரையில் நீங்கள். கல்யாணவீட்டுக்குப் போடும் சேட். நான் முடித்ததும் எழும்பினீர்கள்.

"மிஸ், எனக்கொரு சந்தேகம். அங்க ஆக்கள் இருந்தா, ஏன் இன்னும் ஒரு சத்தத்தையும் காணேல்ல?"

இழுவைப் படகின் எஞ்சின் அறையில் பேசுகிற குரல். உங்கள் காதை அந்த அறை எப்போதோ எடுத்துவிட்டிருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த முஸ்லிம் நானா ஒருவர் உங்கள் காதடியில் குனிந்தார்.

"இவ உங்கட புள்ளதானே? ஊட்ட கேக்க ஏலாதா?"

"வீட்டில கேட்டா நான் அப்பன். இங்க கேட்டாத்தான் அவ மிஸ்."

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்காமல் பதில் சொன்னேன். "தூரம், ஐயா. ஒரு கேள்வி போய்ச் சேரவே வருடக்கணக்காகும். பதில் திரும்பி வரும்போது, கேட்டவரே இல்லாமல் போயிருக்கலாம்." நீங்கள் தலையாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தீர்கள். பிறகு கைகள் எழுந்தன. கடைசியில் மண்டபத்தைப் பூட்ட வந்தவர்தான் எங்களை நிறுத்தினார்.

திரும்பும் பஸ்ஸில், பாலம் தாண்டும்போது, என் பதில் சரியா என்று உங்கள் காதுக்குள் கேட்டேன்.

"எனக்கெங்க கேட்டது? நீ வாயை மூடினாய். நான் கதிரையில இருந்திட்டன்."

"இப்ப சொல்லட்டா?"

"வேண்டாம். தெரிஞ்சிட்டா அடுத்த முறை எப்பிடிக் கேக்கிறது?"

மூதூர், நிலாவெளி, மறுபடி கிண்ணியா. அதே சேட், அதே சந்தேகம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டீர்கள்.

விரிவுரையை உங்களுக்குத் தெரியாது என்றும் இல்லை. குசினி அடுப்படியில் நான் கத்திக் கத்திப் பழகியதெல்லாம் உங்களிடம்தான். சில விண்கற்களில் உயிரின் மூலப்பொருட்கள் இருக்கின்றன, உயிர் இல்லை என்றபோது தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தீர்கள். "மா கிடக்குது. பிட்டவிக்க ஆளில்லை எண்டுறாய்." அதை விரிவுரையில் சேர்த்துக்கொண்டேன். எல்லா ஊரிலும் சிரித்தார்கள்.

மாரியில் ஒரு காலை நீங்கள் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். வீட்டில் யாரும் கத்திப் பேச வேண்டியிருக்கவில்லை. அம்மாவும் நானும் மிக மெதுவாகப் பேசப் பழகினோம். விரிவுரைகளை நிறுத்தினேன்.

இன்று பின்னேரம் மறுபடி அந்த நூலகம். நூலகர் அக்கா விடாமல் கேட்டதால். முதல் கேள்வி வராவிட்டால் இதோடு விட்டுவிடுவதென்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கதவோரம் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அக்கா வேண்டுமென்று போட்டாரா, தெரியாது. நான் கேட்கவில்லை.

பேசினேன். கல் கைமாறிப் போய், மீன் மணமும் பவுடர் மணமுமாகத் திரும்பி வந்தது. பிட்டுக்குச் சிரித்தார்கள். பிறகு, கேள்விகள் இருக்கின்றனவா என்றேன்.

மின்விசிறி. செருப்புகள்.

காத்திருந்தேன். முன்பெல்லாம் இந்த இடைவெளியில் நீங்கள் தொண்டையைச் செருமுவீர்கள். நன்றி சொல்லி முடித்திருக்கலாம். வாய் வேறொன்றைச் சொன்னது.

"வழமையாக ஒருவர் கேட்பார். அங்கே ஆட்கள் இருந்தால் ஏன் இன்னும் ஒரு சத்தத்தையும் காணவில்லை என்று."

பதிலைச் சொன்னேன். அந்தக் கதிரையைப் பார்த்து. தூரம் என்றேன். போய்ச் சேரவே வருடக்கணக்காகும் என்றேன். கேட்டவர் இல்லாமல் போயிருக்கலாம் என்றேன்.

முன்வரிசையில் ஒரு அம்மா மடியில் இருந்த பிள்ளையின் காதைப் பொத்தினார்.

"ஏன் மிஸ் கத்திறீங்க? எங்களுக்குக் கேக்குதுதானே?"

இன்றைக்கு வந்த முதல் கேள்வி அதுதான். மன்னியுங்கள் என்றேன், மெதுவாக.

கல்லுக்கு எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். உங்கள் லேஞ்சியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அடுத்த மாதம் மூதூர் விரிவுரைக்குப் போகிறேன் என்று நூலகர் அக்காவிடம் சொல்லிவிட்டு, உப்புவெளி பஸ்ஸில் ஏறினேன்.