கொடுத்த மன்னிப்பைத் திருப்பிக் கேட்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையலறை மேஜை

என் செல்ல நெவேனாவுக்கு,

அம்மா எழுதறேன். முட்டி வலியைக் கணக்குல சேக்காம விட்டா நான் நல்லாத்தான் இருக்கேன். நீ அங்க ஜெர்மனியில வேளைக்குச் சாப்பிடறியா, படுத்தா தூக்கம் வருதா, அதைத் தெரிஞ்சுக்கத்தான் மனசு கெடந்து அடிச்சுக்குது. தினமும் போன்ல மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கோம், இப்ப எதுக்கு லெட்டர்னு நினைப்பே. உன் மூஞ்சி தெரிஞ்சா எனக்கு வாய் வராதுடி. அதோட, பேச்சு சங்கடமாப் போனா உடனே டியூட்டிக்கு நேரமாச்சும்மான்னு கட் பண்ணிடுவே. காகிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பாரு. பஸ் டிரைவர் கிரில் செவ்வாய்க்கிழமை உங்க ஊர் வழியாப் போறான், அவன் கையில இதையும் ஒரு பார்சலையும் குடுத்து விடறேன். குடமிளகாய்த் தொக்கு ரெண்டு பாட்டில், செம்மறிப்பால் சீஸ், உனக்குப் பிடிச்ச வெள்ளை அல்வா. பாட்டில் உடைஞ்சுதுன்னா உன் பஸ்ஸையே உடைப்பேன்னு கிரில்கிட்ட சொல்லியிருக்கேன். அக்கா, உங்க பொண்ணு அங்க வாங்கற சம்பளத்துக்கு தொக்கு ஃபேக்டரியே வாங்கலாமேன்னு சிரிக்கிறான் படவா.

இங்க ஆத்துல தண்ணி ஏறியிருக்கு, கரையோர மரமெல்லாம் முட்டியளவு தண்ணியில நிக்குது. ஆஸ்பத்திரி அப்படியேதான் இருக்கு. நம்ம வார்டுல ஒரு ஷிஃப்ட்டுக்கு ரெண்டே நர்ஸ், அந்த ரெண்டு பேருக்கும் பென்ஷன் வயசு தாண்டிடுச்சு, ஒண்ணு நான், இன்னொண்ணு மிலுஷா. நோயாளிங்களை விட நாங்கதான் மெதுவா நடக்கறோம். மிலுஷாவோட பொண்ணு சூப்பர் மார்க்கெட்ல பில் போடறா, அவளுக்கு எங்களை விட சம்பளம் ஜாஸ்தி, பிஸ்கட் பாக்கெட்டை மாத்திக் குடுத்தா யாருக்கும் உயிர் போகாது, அதனாலதான் போலிருக்குன்னு மிலுஷா சொல்றா. போன வாரம் தலைநகர் சோஃபியாவுலேர்ந்து யுனிவர்சிட்டிப் பொண்ணு ஒருத்தி வந்தா. நர்ஸுங்களுக்கு வேலையில திருப்தி இருக்கான்னு ஆராய்ச்சியாம். மிலுஷா கையில பெட்பேனை வெச்சுக்கிட்டே, திருப்தியா, அதைச் சம்பள நாள்ல கேளும்மா, அழுதுக்கிட்டே பதில் சொல்றேன், மத்த நாள்ல அழக்கூட நேரமில்லன்னா. அந்தப் பொண்ணு பாவம், அதையும் எழுதிக்கிச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பிச்சு. டிரிப் பாட்டிலை மாத்தணும்னு நான் நழுவிட்டேன். வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பறப்பதான் பதில் வந்துது, அதுக்குள்ள அவ ரயிலேறியிருப்பா. இன்னிக்கு வார்டுல யார்கிட்டயும் எதையும் மறைக்கலன்னா எனக்கு சூப் ருசியா இருக்கு, நிம்மதியா உக்காந்து குடிக்கிறேன். அவ்வளவுதான் நெவேனா என் திருப்தி. பெரிசா ஒண்ணுமில்ல. ஆனா நீ போன்ல எனக்குச் சோறு தொண்டையில இறங்கலம்மான்னு சொன்னே பாரு, அது நெஞ்சுலயே நிக்குது.

சரி, சுத்தி வளைக்கல. நோன்பு தொடங்கறதுக்கு முந்தின அந்த மன்னிப்பு ஞாயிறு அன்னிக்கு நீ போன் பண்ணினதைப் பத்தித்தான் எழுதணும்னு உக்காந்தேன். அன்னிக்கு நான் மாவை அடுக்கடுக்கா மடிச்சு பனீத்ஸா சுட்டேன், ஒருத்திக்கு எதுக்குன்னு தெரியாமலே முழுத் தட்டு சுட்டேன். உங்கப்பா இருந்தப்ப மாதிரியே உத்தரத்துலேர்ந்து சிவப்பு நூல்ல அல்வாவைக் கட்டித் தொங்கவிட்டேன், கை வெக்காம வாயால கவ்வணுமில்ல, நானே ஒரு தட்டு தட்டிட்டு நானே கழுத்தை நீட்டி நீட்டிப் பாத்தேன். வெளியிலேர்ந்து யாராவது பாத்திருந்தா கிழவிக்கு மூளை கொழம்பிடுச்சுன்னு சொல்லியிருப்பாங்க. சின்னதுல நீ ஏமாத்துவே, ஞாபகம் இருக்கா? யாரும் பாக்காதப்ப விரலால தள்ளிட்டு, தொடவே இல்லன்னு சத்தியம் பண்ணுவே. அப்புறம் படுக்கப் போனதும் விளக்கை அணைக்கறதுக்குள்ள எழுந்து வந்து, அம்மா, தொட்டேன்னு சொல்லிட்டு ஓடிடுவே. உங்கப்பா போர்வைக்குள்ள சிரிச்சு சிரிச்சு இருமுவார்.

அப்பதான் உன் போன் வந்துது. வருஷா வருஷம் கேக்கற மாதிரியே, என்னை மன்னிச்சிடும்மான்னே. நானும் வருஷா வருஷம் சொல்ற மாதிரியே, மன்னிச்சாச்சு, கடவுளும் மன்னிக்கட்டும்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ ஓன்னு அழுதுட்டே. நீ சொன்னதை நான் இங்க திரும்ப எழுதறேன், சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாரு. உன் வார்டுல ஒரே ரூம்ல ரெண்டு பெரியவங்க. ஜன்னலோரக் கட்டில்காரருக்கு வெச்சிருந்த ரத்த அழுத்த மாத்திரையை நீ கதவோரம் படுத்திருந்த ப்ரூக்மன்ங்கற பெரியவருக்குக் குடுத்துட்டே. காலையில அவர் எழுந்து பாத்ரூம் போனப்ப தலை சுத்தி விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டார். மாத்திரைக் கிண்ணம் மாறினதை நீ அப்புறம்தான் பாத்தே, பாத்துட்டு ரெண்டு கிண்ணத்தையும் குப்பையில போட்டுட்டே. வயசாயிடுச்சு, கால் நிக்கலன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அடுத்த வாரம் வீட்டுக்குப் போக வேண்டிய மனுஷன். இப்ப அவர் கட்டில்ல ரெண்டு பக்கமும் கம்பி போட்டாச்சு, அவர் பையன் முதியோர் இல்லத்துல இடம் பாத்துட்டான், வீட்டை விக்கப் போறான். என் காலை நானே நம்ப முடியல சிஸ்டர்னு அவர் உன்கிட்டயே சொல்லியிருக்கார். இன்னும் உன் வேலை நிரந்தரமாகல, வாயைத் திறந்தா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு நீ அழுதே. நான் என்ன பண்ணினேன்? என் குழந்தை அழுது, எனக்குத் தாங்கல. மன்னிச்சாச்சுடி கண்ணு, மன்னிச்சாச்சுன்னு சொல்லிட்டேன். உடனே உன் குரல் லேசாயிடுச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டு, பனீத்ஸாவுல என்ன வெச்சேன்னு கேட்டே.

அந்த லேசுதான் என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. அதுக்கப்புறம் நீ பண்ற போன்ல எல்லாம் செருப்பு, மழை, பக்கத்து வீட்டு நாய். புதன்கிழமை நானே கேட்டேன், அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்னு. நீ என்ன சொன்னே? அதான் முடிஞ்சு போச்சேம்மா, நீதான் மன்னிச்சிட்டியேன்னே. போனை வெச்சிட்டு உருளைக்கிழங்கு உரிச்சேன், தோலெல்லாம் பாத்திரத்துலயும் கிழங்கு குப்பையிலயும் போயிருக்கு.

நெவேனா, நான் யாரு மன்னிக்க? நானா விழுந்தேன்? என் மணிக்கட்டா உடைஞ்சுது, என் வீட்டையா விக்கறாங்க? என்கிட்ட இல்லாத சாமானை எடுத்து உனக்குக் குடுத்துட்டேன். அதனால அதைத் திருப்பி வாங்கிக்கறேன். கோவிச்சுக்கோ, அழு, அம்மா பைத்தியம்னு சொல்லு. போன்ல நான் குடுத்தது செல்லாது.

நீ சொன்ன காரணமெல்லாம் நிஜம், நான் இல்லேங்கல. அத்தனை கட்டிலுக்கு நீ ஒருத்தி, ஒரு பக்கம் மணி அடிக்குது, இன்னொரு பக்கம் ஒருத்தர் வாந்தி எடுக்கறார், கூட இருக்க வேண்டியவ லீவு. அங்க சம்பளம் ஜாஸ்தி, ஆளும் ஜாஸ்தி இருக்கும்னு நினைச்சுத்தான் உன்னை பஸ் ஏத்தினேன். எந்த நாட்டுலயும் நர்ஸுக்கு ரெண்டு கைதான்னு மேல உக்காந்திருக்கற ஒருத்தனுக்கும் தெரிய மாட்டேங்குது. அதையும் சொல்லு, சத்தமாவே சொல்லு, அடுத்தவளுக்காவது உதவும். ஆனா முதல்ல அதைச் சொல்லாதே. முதல்ல, மாத்திரையை மாத்திக் குடுத்தது நான்னு சொல்லு. மாத்திரையாலதான் விழுந்தாரான்னு டாக்டர்தான் சொல்லணும், நீயும் நானும் முடிவு பண்ண முடியாது. டாக்டருக்கு விஷயம் தெரிஞ்சாத்தானே பாப்பார்? கால் நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் வீட்டுக்குப் போகலாமே. உனக்குப் போறது வேலை. அவருக்குப் போறது வீடு, அதோட கூட தன் மேல இருந்த நம்பிக்கை.

காலையில ஷிஃப்ட் மாறினதும் முதல்ல உங்க தலைமை நர்ஸ்கிட்ட போ. அப்புறம் அவரைப் பாக்கணும்னு கேளு. விட மாட்டேன்னா திரும்பவும் கேளு. அவர்கிட்ட போய் நின்னுக்கிட்டு சொல்லாதே, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கண்ணு மட்டத்துக்கு உக்காந்து சொல்லு. அந்தக் கம்பி வழியாப் பேசாதே, இறக்கி விட்டுட்டுப் பேசு. அழாதே. நீ அழுதா அவர் உன்னைத் தேத்த வேண்டி வரும், அந்த வேலையையும் அவர் தலையில கட்டாதே. மன்னிக்கறதும் மன்னிக்காததும் அவர் இஷ்டம். திட்டினார்னா கேட்டுக்கோ. அவர் பையன் சத்தம் போட்டா அதையும் கேட்டுக்கோ.

இப்ப நான் சொல்றதைக் கோவப்படாம படி. அன்னிக்கு நீ போனை வெச்சதும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தப் பெரியவர் இல்ல. வேலை போனா எம்பொண்ணு வந்துடுவாளேன்னு தோணிச்சு. தோணினதோட நிக்கல. உன் ரூமுக்குப் போய் ஜன்னலைத் திறந்தேன், போர்வையை உதறி வெயில்ல போட்டேன், மெத்தையைத் திருப்பிப் போட்டேன். பாட்டு வேற முணுமுணுத்தேன்னு நினைக்கிறேன். ரொம்ப நாள் கழிச்சு வீட்டுல என் குரல் எனக்கே கேட்டுது. நீ போனதுலேர்ந்து ஞாயிற்றுக்கிழமையில நான் வாயைத் திறக்கறதே இல்ல, பேச ஆளில்ல, ரேடியோகிட்டதான் சரி சரின்னு சொல்லிக்கிட்டிருக்கேன். ஒரு கப்தான் கழுவறேன், அதே கப்புலதான் திரும்பவும் குடிக்கறேன். போர்வையை உதறிக்கிட்டே இருக்கறப்ப சட்டுன்னு உறைச்சுது. ஒரு கிழவன் கீழ விழுந்திருக்கார், எம்பொண்ணு சோறு இறங்காம இருக்கா, நான் கொண்டாடறேன்.

அதனாலதான் இந்த லெட்டர் இத்தனை நாள் தள்ளிப் போச்சு. போய்ச் சொல்லுன்னு எழுத உக்காருவேன், இதை எழுதறது நர்ஸ் தோங்காவா இல்ல தனியா கெடக்கற தோங்காவான்னு எனக்கே தெரியாது, கிழிச்சுப் போட்டுடுவேன். கடைசியில ஒண்ணு பண்ணினேன். வார்டுக்குப் புதுசா கலீனான்னு ஒரு பொண்ணு வந்திருக்கா, கிராமத்துலேர்ந்து, காலை ஷிஃப்ட்டுக்கு பஸ் கிடையாது. குளிர்காலத்துலேர்ந்தே தோங்கா அக்கா, அந்த ரூமை வாடகைக்குத் தாங்களேன்னு கேட்டுக்கிட்டிருந்தா, எம்பொண்ணு வருவா, தர முடியாதுன்னு விரட்டிக்கிட்டே இருந்தேன். நேத்து அவளைக் கூப்பிட்டு சாவியைக் குடுத்துட்டேன். உன் புஸ்தகம், உன் பொம்மையெல்லாம் என் அலமாரியில பத்திரமா இருக்கு. நீ வந்துடணும்ங்கற ஆசையிலதான் போய்ச் சொல்லச் சொல்றேன்னு யாரும் சொல்ல முடியாது இப்ப, ரூமே இல்ல. இப்பதான் லெட்டரைக் கிழிக்காம எழுதறேன். வரவேண்டி வந்தா இடமில்லாமப் போயிடுமோன்னு மட்டும் நினைக்காதே, என் கட்டில் அகலம், நீ குறுக்கப் படுத்து உதைப்பே, நான் சமையலறை சோபாவுக்குப் போயிடுவேன். வேலை போகாம அங்கேயே இருந்தா இன்னும் நல்லது. நான் மனசாரத்தான் சொல்றேன்.

பார்சல்ல அல்வா ரெண்டு துண்டு இருக்கு. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு அவருக்கு, ஆனா சொன்னதுக்கு அப்புறம்தான் குடுக்கணும், முன்னாடி குடுத்தா அது லஞ்சம். சர்க்கரை இருக்கான்னு அவர் கேஸ் ஷீட்டைப் பாத்துட்டுக் குடு, மறக்காதே.

உடம்பைப் பாத்துக்கோ, காதை மூடிக்கிட்டு வெளிய போ, பொழுதன்னிக்கும் ரொட்டியும் காபியுமா இருக்காதே. உன் கை எந்தக் கட்டிலைத் தொட்டாலும் அங்க இருக்கறவங்க எழுந்து நடக்கட்டும். எங்க இருந்தாலும் நீ நல்லா இரு.

கடைசியா ஒண்ணு. அந்த ஞாயித்துக்கிழமையில சின்னவங்கதான் பெரியவங்ககிட்ட கேக்கறது வழக்கம், பெரியவங்க கேக்கறதில்ல. அந்த நாளும் போயிடுச்சு. இருந்தாலும் நான் கேக்கறேன். உனக்கு வேலை போகணும்னு ஒரு மத்தியானம் பூரா ஆசைப்பட்டேன், என்னை மன்னிச்சிடு நெவேனா. இதை வேற யாரும் மன்னிக்க முடியாது, உனக்குத்தானே செஞ்சேன். அவரைப் போய்ப் பாத்துட்டு வந்து பதில் சொல்லு, அதுவரைக்கும் நானும் காத்திருக்கேன்.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கற
அம்மா தோங்கா