அக்கா, உங்கள் பந்தை அடிக்கலாமாம்

என் அருமை அக்காவுக்கு,

ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து உங்கள் தங்கம் எழுதுகிறேன். நான் லண்டன் போய்விட்டு வந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறுவதற்கே உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான், தனியாக விமானம் ஏறினேன். சுதா ஒரு மாதம் வந்து இரு என்று நச்சரித்தாள். நான் பெற்று நீங்கள் வளர்த்த பெண் ஆயிற்றே, பிடித்த பிடியை விடுவாளா?

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனதிலிருந்து உங்கள் அறையை அப்படியே பூட்டி வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடி, செருப்பு, கொடியில் போட்ட துண்டு, எதையும் யாரையும் தொட விடவில்லை. உங்கள் பெண் மாலதிக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்து, உறையூர் பேங்கில் வேலை. அவள் பெட்டியோடு வந்து இறங்கியபோதும் நான் பூட்டைத் திறக்கவில்லை. ஹாலில் பாய் போட்டுப் படுத்தாள். வாடகைக்கு வீடு பார்க்க ஆரம்பித்தாள். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்த நிலைமையில்தான் விமானம் ஏறினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதா என்னை ஊருக்கு வெளியே ஒரு பெரிய பங்களாவுக்குக் கூட்டிப்போனாள். விக்டோரியா ராணி காலத்தில் ஒரு பணக்காரக் குடும்பம் கட்டியது. குடும்பம் போய்விட்டது, வீட்டை மட்டும் பழையபடியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கித்தான் பார்க்க வேண்டும். நம் மாமனார் வீட்டுக்கு டிக்கெட் போட்டால் யார் வருவார்கள்?

பின்பக்கம் புல்வெளி. அங்கே நட்டிருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அதே கம்பி வளையங்கள், நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று அதே பந்துகள், நீளப் பிடி போட்ட அதே மரக் கொட்டாப்புளி. நீங்கள் கிளார்க்காக இருந்த பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் ரூமை ஒழித்தபோது, குப்பைக்குப் போக இருந்த பெட்டியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தீர்களே, அதே ஆட்டம். அங்கே அதைக் குரோக்கே என்கிறார்கள். வந்தவர்கள் யாரும் ஆடலாம்.

நமக்கு விதி சொல்லித்தர யார் இருந்தார்கள்? நம்மைக் கட்டிய அண்ணன் தம்பி இருவரும் போன பிறகு அந்த வீட்டில் நாம் இரண்டு ஓரகத்திகள் மட்டும்தான். கொல்லையில் தென்னைகளுக்கு நடுவே வளையங்களை நட்டு, இருட்டும்வரை நாமாக ஆடினோம். என் பந்து உங்கள் பந்தில் பட்டுவிட்டால் கால் பட்டதுபோலப் பதறி, குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். மூத்தவர் பந்து அல்லவா? நம் கணக்கில் அது தப்பு, என் முறை போய்விடும்.

அங்கேயும் அதையே செய்தேன். புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டு, காலில் சுதாவின் ஷூ. என் பந்து சுதாவின் பந்தில் பட்டது. பழக்க தோஷம், குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அந்த வீட்டைச் சுற்றிக்காட்டும் வெள்ளைக்கார அம்மாள் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து ஓடி வந்தார். சுதா விஷயத்தைச் சொன்னதும் அவர் ஏதோ சொல்ல, சுதா சிரித்தாள்.

"அம்மா, அடிக்கிறதுதான் ஆட்டமாம். பட்டுச்சுன்னா உனக்குத்தான் லாபம். உன் பந்தை அதோட ஒட்டி வச்சு அடிக்கணும், ரெண்டும் நகரும். அதுக்கு மேல இன்னொரு அடியும் உண்டாம்."

"மூத்தவங்க பந்தா இருந்தா?"

"யாரு பந்தா இருந்தாலும்தான்."

உங்கள் மேல் கோபம்தான் வந்தது. பெட்டிக்குள் ஒரு விதிப் புத்தகம்கூடவா இல்லை? இல்லை, தெரிந்தே சொல்லாமல் விட்டீர்களா? ஜெயிப்பதில் உங்களுக்கு இருந்த ஆசைக்கு அப்படியும் செய்திருப்பீர்கள்.

பிறகு வீட்டுக்குள் போனோம். வெயில் பட்டால் துணி வெளுத்துவிடும் என்று திரைகளைப் பாதி மூடி வைத்திருந்தார்கள். யாரும் உட்கார்ந்துவிடாமல் நாற்காலிக்கு நாற்காலி ஒரு காய்ந்த முள்ளுக்காய். மாடியில் அந்த வீட்டு எஜமானியின் படுக்கையறை. கட்டில், சீப்பு, செருப்பு எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்க, குறுக்கே ஒரு கயிறு. அவர் இறந்த பிறகு அந்தக் கட்டிலில் யாருமே படுத்ததில்லையாம்.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாரு," என்றேன்.

சுதா அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மாலதி அக்கா இன்னும் ஹால்லதான் படுக்குறாங்களாம்மா?" என்றாள்.

அந்த எஜமானிக்கு ஒரு பெண் இருந்தாளா, இருந்தால் அவள் எங்கே படுத்தாள் என்று அந்த அம்மாளிடம் கேட்க நினைத்தேன். இங்கிலீஷ் வரவில்லை.

ஊர் திரும்பிய அன்றே பூட்டைத் திறந்து, பெருக்கித் துடைத்து வைத்தேன். மாலதி சாயங்காலம் பேங்கிலிருந்து வந்தாள். உள்ளே போய்ப் படு என்றேன்.

"வேணாம் சித்தி. பாலக்கரையில ஒரு வீடு அமைஞ்சிருக்கு. ஒண்ணாம் தேதி போயிடறேன்."

"அந்த வீட்டை வேணாம்னு சொல்லிடு. இது உங்க அம்மா ரூம்."

"நீங்கதான் யாரையும் தொடக் கூடாதுன்னீங்க." கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் சுட்டது.

"தொடு. கட்டிலைத் திருப்பிப் போடு, அலமாரியைக் காலி பண்ணு, உன் இஷ்டம்," என்றேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. உங்கள் காரியத்தன்றுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. பந்தி பரிமாறியது, வந்தவர்களை வழியனுப்பியது எல்லாம் அவள்தான். நான் உங்கள் கட்டிலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். பெற்ற பெண் அழுவதற்கு நான் இடமே விடவில்லை, அக்கா.

இப்போது கட்டில் ஜன்னலோரம் போய்விட்டது. உங்கள் மருந்து பாட்டில்களைத் தூக்கி எறிந்துவிட்டாள். குப்பைத் தொட்டிவரை போய்விட்டு, வெறுங்கையோடு திரும்பினேன். சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். உங்கள் நினைப்பு வந்து அங்கே போய் உட்காரத் தோன்றினால், இனி நான் கதவைத் தட்டி, "மாலதி, உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் ஓரகத்தி,
மாலதிக்குச் சித்தி,
தங்கம்